ஜன்னல் பள்ளத்தில் குளவிக் கூடு

காலை ஆறு இருபது. படுக்கையறை ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில், கண்ணாடி தள்ளிப் போகும் பள்ளத்துக்குள், கட்டைவிரல் அளவுக்கு ஈரமண் ஒட்டியிருந்தது. அதன்மேல் ஒல்லி இடுப்புக் குளவி ஒன்று உட்கார்ந்து மண்ணைப் பூசிக்கொண்டிருந்தது. பூசும்போது மட்டும் மெல்லிய ரீங்காரம் கேட்டது.

ஜன்னலைத் தள்ளிப் பார்த்தேன். நாலு விரல் இடைவெளி விட்டு நின்றுவிட்டது. ஸ்ரீரங்கத்தில் ஆடி மாதம் ஜன்னல் மூடாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. கொள்ளிடத்து மணல் காற்றோடு வந்து தலையணை உறையில் படியும். என் மனைவிக்குத் தூசி ஆகாது. எழுந்ததுமே தும்ம ஆரம்பித்தாள்.

கூட்டைச் சுரண்டப் பழைய கத்தி ஒன்று தேடிச் சமையலறைக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அம்மா அடுப்பை அணைத்தார்.

"அதைத் தொடாதடா. குளவி வீட்டுக்குள்ள கூடு கட்டுனா என்னன்னு உனக்குத் தெரியும்ல."

தெரியும். குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார்கள். அதனால் யாரும் அதைக் கலைப்பதில்லை. எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. தில்லைநகரில் பார்த்துவந்த சிகிச்சையைச் சித்திரையில்தான் நிறுத்தியிருந்தோம். அன்று என் மனைவி என்னிடமும் அம்மாவிடமும் ஒன்றே ஒன்று கேட்டாள். இனி வீட்டில் இந்தப் பேச்சு வேண்டாம். அம்மா அதுவரை அதைக் காப்பாற்றியிருந்தார்.

மறுநாள் கீழ்வீட்டு அக்கா மாடியேறி வந்து கூட்டைக் குனிந்து பார்த்தார்.

"மண் கூடா, அரக்குக் கூடா?"

"மண்ணுதான்," என்றார் அம்மா.

"அப்பப் பையன். அரக்குன்னாத்தான் பொண்ணு."

என் மனைவி பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள். தும்மி முடித்துவிட்டுச் சொன்னாள்: "உள்ள சிலந்திதான்க்கா இருக்கு. கொட்டி மயக்கி, உயிரோட அடைச்சு வச்சிருக்கும். முட்டை பொரிஞ்சதும் புழு அதைத் திங்கும்."

"டீச்சர்கிட்ட வாயக் குடுத்தா இப்படித்தான்," என்று அக்கா இறங்கிப் போனார்.

அம்மா சொன்னார்: "நான் ஒண்ணும் வாயத் திறக்கலையேம்மா."

"நீங்க திறக்கல அத்தை. ஜன்னல்தான் திறந்திருக்கு."

அந்த வாரக் கடைசியில் அம்மா ஒரு சீமந்தத்துக்காக முசிறி போனார். பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் கத்தியை எடுத்தேன். மனைவி தடுத்தாள்.

"இப்ப எடுத்தா உள்ள இருக்கறது செத்துடும்ங்க."

"அப்ப அம்மா சொன்னது சரிங்கறியா?"

"அத்தைக்காக இல்ல. குளவிக்காக. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து இடைவெளியில் தொங்கவிட்டாள். காலையில் துண்டு செம்பழுப்பாக இருந்தது. அவள் அன்று இரண்டு முறைதான் தும்மினாள்.

ஊரிலிருந்து திரும்பிய அம்மா கூட்டையும் பார்த்தார், துண்டையும் பார்த்தார். அன்று முதல் சாயங்காலம் விளக்கேற்றியதும் துண்டை நனைத்துத் தொங்கவிடுவது அம்மாவின் வேலையாயிற்று. குளவி அதற்குள் வேலையை முடித்து, மேலே ஒரு பூச்சும் பூசிவிட்டுப் போயிருந்தது. பிறகு அது வரவில்லை. இந்த வகைக் குளவி அறையை அடைத்துவிட்டால் குஞ்சைப் பார்க்கத் திரும்ப வராது என்று மனைவி சொன்னாள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்ணில் வட்டமான துளைகள் தெரிந்தன. மனைவி கூட்டை முழுதாகப் பெயர்த்து ஒரு செய்தித்தாளில் வைத்தாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நான்கு அறைகளில் மூன்று காலி. நான்காவதில் துளை இல்லை. ஹேர்பின்னால் மெதுவாகத் திறந்தாள். உள்ளே சிலந்திகள் கால்களை மடக்கிக்கொண்டு, காய்ந்து, முழுதாக இருந்தன. முட்டை பொரியவே இல்லை.

"இது ஏன் வரல?" என்றார் அம்மா.

"தெரியல அத்தை. சிலது வராது."

"குளவி ஏதாவது தப்பாப் பண்ணிடுச்சா?"

"இல்ல. எல்லாம் சரியாத்தான் வச்சிருக்கு."

அம்மா எழுந்து போய், கழுவித் துடைத்த ஊறுகாய் பாட்டில் ஒன்றை எடுத்துவந்தார்.

"இதுல போட்டு ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போ. பிள்ளைங்க பாக்கட்டும்."

சாயங்காலம் கீழ்வீட்டு அக்கா படியில் நின்று, "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டார். அம்மாதான் பதில் சொன்னார்.

"நாலு வச்சுது, மூணு பறந்துடுச்சு. அவ்வளவுதான்."

ஈரத் துணியால் பள்ளத்தைத் துடைத்துவிட்டு ஜன்னலைத் தள்ளினேன். முழுதாக மூடியது.