மண்ணெண்ணெயில் ஓடிய பரிஸ் வீதி

உலகத்திலேயே அழகான வீதி என்று பிரெஞ்சுக்காரர் சொல்லிக்கொள்ளும் கடைத்தெருவை நான் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்திருக்கிறேன். பார்த்த இடம் மல்லாவிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில். கூரை பாதி கிடுகு, பாதி தறப்பாள். செலவு இரண்டு போத்தல் மண்ணெண்ணெய்.

கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து அங்கே போய் எங்களுக்கு இரண்டாவது வருடம். நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், முப்பத்து மூன்று வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். உழவு இயந்திரப் பெட்டியில் நான் ஏற்றிய சாமான்களில் பாதி கோவைகள். அம்மியை விட்டுவிட்டுக் கடதாசியைக் கொண்டுவந்ததற்காக மனைவி என்னை இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் அயலில் யாருக்காவது வெளியே போகப் பாஸ் வேண்டுமென்றாலும், பிறப்பத்தாட்சி தொலைந்தாலும், நிவாரண அட்டையில் பெயர் பிழையாய் விழுந்தாலும் எங்கள் படலையைத்தான் திறந்துகொண்டு வருவார்கள். எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை பிரதி, அதில் யாருடைய கையெழுத்து, அந்தக் கையெழுத்துக்காரர் எந்த நேரத்தில் நல்ல மனநிலையில் இருப்பார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கடவுளே நேரில் வந்து நின்றாலும் அசலைக் காட்டுங்கோ என்று கேட்டிருப்பேன்.

எங்கள் மகன் பரிஸுக்குப் போய் அப்போது ஏழு வருடம். அவனுக்குப் பேசிவைத்திருந்த பெண் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணித ரீச்சர். தகப்பன் இல்லை, தாய் மட்டும். மரத்தின்கீழ் வகுப்பு நடத்தினாலும் கரும்பலகையில் கோட்டை அடிமட்டம் வைத்துத்தான் கீறுவாள் என்று சொல்வார்கள். அது ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது.

பிரான்சில் இருப்பதற்கான பத்து வருட வதிவிடக் காட் கிடைத்துவிட்டது, இந்தியாவுக்கு வந்து தாலி கட்டுகிறேன் என்று மகன் எழுதியிருந்தான். அடுத்த கடிதத்தில் வேலையிடத்தில் லீவு தருகிறார்கள் இல்லை, ஏஜென்ற் மூலம் அவவை அனுப்புங்கோ என்று வந்தது. லீவு என்ற சொல்லுக்கு நான் எப்போதும் மரியாதை கொடுப்பவன். லீவு மறுக்கப்படுவது எனக்கு மிகவும் பழக்கமான சங்கதி. ஆகவே மறுபேச்சில்லாமல் நம்பினேன்.

அந்தப் பிள்ளைக்கு வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அந்த வயதில் உள்ளவர்களுக்கு இயக்கம் இலேசில் பாஸ் கொடுக்காது. நாலு மாதம் சைக்கிளில் அலைந்தேன். பிணைக்கு நானே கையெழுத்து வைத்தேன். அவள் போனால் வேலை போய்விடும், தாய் தனித்துவிடுவாள், திரும்பி வர வழியில்லை. ஏஜென்ற் எந்த நாட்டில், எந்தக் காட்டில், எத்தனை மாதம் வைத்திருப்பான் என்று அந்த ஏஜென்றுக்கே தெரியாது. இத்தனைக்கும் காரணம், பாதையின் முடிவில் காட் உள்ள ஒருவன் நிற்கிறான் என்பதுதான்.

அவள் ஒன்றை மட்டும் கேட்டிருந்தாள். "படம் வேண்டாம் மாமா. அவர் நடந்து கதைக்கிறதை ஒருக்காப் பாக்கவேணும்."

அதற்காக மகன் அனுப்பிய வீடியோ கசற், அவள் புறப்படுவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது எங்களிடம் வந்து சேர்ந்தது. ஆமியின் பக்கமான வவுனியாவில் ஒரு பகுதியார் போட்டுப் பார்த்தார்கள். இங்கால், இயக்கத்தின் பக்கம் வந்த பிறகு இன்னொரு பகுதியார் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு தரப்பும் பார்த்து முடித்து, நான் மூன்று பிரதியில் விண்ணப்பித்த பிறகு, பெற்ற தாய் பார்ப்பதற்கு அனுமதி கிடைத்தது.

சனிக்கிழமை காலை மண்ணெண்ணெய் இயந்திரத்தை இறக்கிவிட்டுப் போன ஜெனரேற்றர்காரர், பின்னேரம் மூன்று மணிக்குத் தன்னுடைய ரீவியையும் வீடியோ டெக்கையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். மலையகத்திலிருந்து வந்து எங்கள் பக்கம் குடியேறிய மனிதர், தண்ணீர்ப் பம்ப் திருத்துகிறவர். ரீச்சரும் தாயும் ஒரு வாங்கில் இருந்தார்கள். எனக்கு ஒரு கதிரை. மனைவி நிலத்தில், ரீவிக் கண்ணாடியிலிருந்து ஒரு முழத் தூரத்தில்.

"அம்மா, தள்ளி இருங்க. கண்ணு கெட்டுப்போகும்" என்றார் ஜெனரேற்றர்காரர்.

"ஏழு வருசம் காணாத கண் கெட்டா என்ன?" என்றா மனைவி.

படம் வந்தது. நிறம் வரவில்லை.

"பிரான்ஸ் கேசட் அப்படித்தாங்க ஐயா. அவங்க முறை வேற, நம்ம டெக்குல கறுப்பு வெள்ளைதான்."

கறுப்பு வெள்ளையிலேயே வீதியின் அகலத்தைக் கண்ணால் அளந்தேன். எங்கள் ஏ-ஒன்பது பாதையைப் போல ஐந்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாலும் அதற்குள் அடங்கும். இரண்டு பக்கமும் மரங்கள், ஒரே உயரத்தில், ஏதோ சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டு வளர்ந்தவை போல. பட்டப்பகலில் ஒவ்வொரு மரத்திலும் நூற்றுக்கணக்கான சின்ன விளக்குகள் எரிந்தன. யாரும் அணைக்கவில்லை. நாங்கள் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அம்மா, இதுதான் இஞ்ச பெரிய கடைத்தெரு" என்றது மகனின் குரல். தடித்துப்போயிருந்தது. "கிறிஸ்மஸுக்குச் சோடிச்சிருக்கிறாங்கள். இந்தச் சிவப்பைப் பாருங்கோ."

நாங்கள் சாம்பல் நிறத்தைப் பார்த்தோம்.

ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரேயொரு கைப்பை இருந்தது. அதற்கு ஆறு விளக்கு. வாசலில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர், உள்ளே போகிறவர்களுக்குக் கதவைத் திறப்பதே வேலையாக நின்றார். இன்னொரு கடைக்குள் கார் ஒன்று தட்டின்மேல் மெல்லச் சுழன்றது. தேத்தண்ணிக் கடைகளில் கதிரைகள் எல்லாம் றோட்டைப் பார்த்தபடி போடப்பட்டிருந்தன. சனம் வரிசையாக இருந்து, போகிற சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்களும் வரிசையில் நிற்பவர்கள்தான், ஆனால் எங்கள் வரிசையின் முன்னால் ஒரு கூப்பன் கடை இருக்கும்.

"ஐயோ, நாய்க்குக் கோட்டு!" என்று ஜெனரேற்றர்காரர் கத்தினார். "ஐயா, பாத்தீங்களா? பொத்தான் வேற வச்சிருக்கு. எனக்கு இந்த ஒரு சட்டைதாங்க."

"நாய் உங்களைப் போல எண்ணெயில உருளேல்லை" என்றா மனைவி. எல்லோரும் சிரித்தோம். ரீச்சரும் சிரித்தாள். அந்த வீட்டில் அன்று அதுதான் கடைசிச் சிரிப்பு.

"முகத்தைக் காட்டன்ரா" என்று மனைவி ரீவியிடம் சொன்னா. கமரா அவன் கையிலே இருந்தது. ஆகவே வீதி முழுவதையும் பார்த்தோம், அவனைத் தவிர.

பிறகு, சினிமாக் கொட்டகை ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்கும்போது படம் திடீரென்று நிலத்தில் விழுந்தது. சப்பாத்துகள், கல் பதித்த நடைபாதை, சிகரெட் துண்டுகள். மகனின் குரலும் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் படம் எழும்பியபோது, ஒரு கடைக் கண்ணாடியை ஒட்டினாற்போல் சென்ற் போத்தல்கள் தெரிந்தன.

"இது... சென்ற் போத்தல்" என்றான், கோயிலுக்குள் கதைப்பவனைப் போல.

"ஏன் குனிஞ்சவன்?" என்றா மனைவி.

"கை உளைஞ்சிருக்கும்" என்றேன். படம் விழுவதற்கு முன்னால், ஓரத்தில் தட்டைத் தொப்பி போட்ட இரண்டு பேர் வந்ததை நான் கண்டிருந்தேன். ஆனாலும் அப்போது அதை எதனோடும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இரண்டாம் முறை, நெப்போலியனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தவன் வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டு வீதியின் மற்றப் பக்கம் போய்விட்டான். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தபோது, முன்பு நடந்துவந்த பக்கத்தில் அதே தொப்பிகள் ஒரு கறுப்பு ஆளை மறித்து வைத்துக் கடதாசி பார்த்துக்கொண்டிருந்தன. படம் அதில் ஒரு கணம் நின்றுவிட்டு விலகியது.

எனக்கு விளங்கிவிட்டது.

ஏனென்றால் இந்த நடையை நான் நடந்திருக்கிறேன். ஒருமுறை வவுனியாவில் என்னுடைய தங்குமிடப் பாஸ் முடிந்து ஒரு நாள் கூடிவிட்டது. நீடிக்கப் போன அரச கந்தோர் பூட்டிக் கிடந்தது. அன்று முழுவதும் கடைவீதியில், சீருடையைக் காணும்போதெல்லாம் கடைக் கண்ணாடிகளைப் பார்த்தேன். ஒரு மருந்துக் கடையில் இருமல் பாணி விளம்பரத்தை மூன்று தரம் வாசித்தேன். கடதாசி உள்ளவன் நேரே நடப்பான். இல்லாதவனுக்குத்தான் சென்ற் போத்தலில் அவ்வளவு அக்கறை வரும்.

அதன்பிறகு நான் ரீவியைப் பார்க்கவில்லை. ரீச்சரின் முகத்தைப் பார்த்தேன். அவள் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்துவிட்டாள். கணக்கு ஒன்றில் எந்த வரியில் பிழை என்று தேடுகிறவர்களின் கண்.

வீதியின் முடிவில் பெரிய வளைவு ஒன்று வந்தது. அதற்குக் கீழே, பெயர் தெரியாத ஒரு படைவீரனின் கல்லறையில் இரவு பகலாய் நெருப்பு எரிகிறது என்று மகன் சொன்னான்.

"ஆரெண்டே தெரியாத ஒருத்தருக்கோ?" என்றா ரீச்சரின் தாய். அன்று அவ வாய் திறந்தது அதற்கு மட்டும்தான். "நாள் முழுக்க எரியுதோ?"

"கிட்டப் போகேலாது அம்மா, சனம் கூட" என்றது குரல். படத்தில் நெருப்புக்குப் பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். அவர்களில் இரண்டு பேருக்குத் தொப்பி.

அதன்பிறகுதான் அவன் கமராவை ஒரு மதிலில் வைத்துவிட்டு முன்னால் வந்து நின்றான். ஆளை விடப் பெரிய கோட்டு. நெற்றி ஏறிப்போயிருந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒருமுறை ஆட்டினான், சிரித்தான். மனைவி கண்ணாடியில் கையை வைத்துவிட்டா, அவனுடைய நெஞ்சு அவவின் விரல்களுக்குப் பின்னால் மறைந்தது. "அம்மா, நான் சுகமா இருக்கிறன். அவவும் பாக்கிறா எண்டு நினைக்கிறன். ஒண்டுக்கும் யோசிக்க வேண்டா—"

சிரிப்பு நின்றது. கண் இடதுபக்கம் போனது. வவுனியா வரிசைகளில் நான் எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்த முகம், என் பிள்ளையின் தோளுக்கு மேலே இருந்தது. அவனுடைய கை வந்து படத்தை மூடியது. பிறகு நிலமும், ஓடுகிற சப்பாத்தும், மூச்சுச் சத்தமும். பிறகு வெறும் புள்ளிகள்.

"மெலிஞ்சு போனான்" என்றா மனைவி, கையை எடுக்காமல். "இஞ்சாருங்கோ, பிள்ளை மெலிஞ்சு போனான்."

"எண்ணெய் இன்னும் கொஞ்சம் கெடக்குங்க. அந்த முகம் வர்ற எடத்தைத் திருப்பிப் போடவா?" என்று கேட்டார் ஜெனரேற்றர்காரர்.

"மாமா" என்றாள் ரீச்சர். குரல் உயரவில்லை. "அவற்ற காட்டை நீங்கள் பாத்தனீங்களோ?"

"கிடைச்சதெண்டு எழுதினவன்."

"எழுதினது சரி. பாத்தனீங்களோ? போட்டோக் கொப்பி ஏதும் அனுப்பினவரோ?"

முப்பத்து மூன்று வருடம் மற்றவர்களிடம் நான் கேட்ட கேள்வி. விதவைகளிடம் மரண அத்தாட்சி கேட்டேன். பிறந்த பிள்ளையைக் கையில் வைத்திருந்த தாயிடம் பிள்ளை பிறந்ததற்கு ஆதாரம் கேட்டேன். இந்தப் பிள்ளையை நாடு விட்டு நாடு அனுப்ப, ஒரு நீலக் கடிதத் தாளில் இருந்த ஒரு வரி எனக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

"இல்லை, பிள்ளை. பாக்கேல்லை" என்றேன். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னேன். "அவனிட்ட இல்லை."

மனைவி திரும்பினா. "என்ன கதை இது? பெத்த தகப்பன் கதைக்கிற கதையோ? அவன் பொய் எழுதுவானோ?"

"பொலிஸைக் கண்ட இடமெல்லாம் ஒளிக்கிறான். நீர் பாக்கேல்லையே?"

"நான் என்ர பிள்ளையைப் பாத்தனான்!" என்றா. "நீங்கள் பொலிஸைப் பாத்தீங்கள்."

ஜெனரேற்றர்காரர் யாரும் சொல்லாமலே வெளியே போய் இயந்திரத்தை நிறுத்தினார். ரீச்சரின் தாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டா.

"மாமி, நான் அவரைக் குறை சொல்லேல்லை" என்றாள் ரீச்சர். "காட் இல்லாததும் குற்றம் இல்லை. ஆனா அதை மறைச்சு என்னை வெளிக்கிடச் சொன்னவர். உள்ளதை எழுதட்டும். அதுவரைக்கும் நான் போகேல்லை."

திங்கட்கிழமை அவள் வழக்கம்போல் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நான் மகனுக்கு எழுதினேன். அலுவலகக் கடிதம் போல, இலக்கமிட்ட மூன்று கேள்விகள். மனைவி அதை வாங்கி வாசித்துவிட்டு, என் கையெழுத்துக்குக் கீழே தன்னுடைய கையால் ஒரு வரி சேர்த்தா: நேரத்துக்குச் சாப்பிடு.

பதில் வர மூன்று மாதம் எடுத்தது. கேள்விகளுக்கு வரிசைப்படி பதில் எழுதியிருந்தான். அகதி வழக்கு இரண்டு முறை நிராகரிக்கப்பட்டது. மூன்றாம் முறை போட்டிருக்கிறான். முதல் நிராகரிப்பு வந்த வாரம்தான் காட் கிடைத்துவிட்டது என்று எங்களுக்கு எழுதியது. அம்மா அந்த மாதம் சுகமில்லாமல் இருந்தபடியால், என்று ஒரு காரணம்.

கடைசிப் பந்தி நான் கேட்காத கேள்விக்குப் பதில். அந்தப் பெரிய வீதி அவன் இருக்கும் அறையிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம். ஏழு வருடத்தில் அவன் ஒருநாளும் அங்கே போனதில்லை. அங்கே மறிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தான் நடந்து கதைக்கிறதைப் பார்க்கவேண்டும் என்று அவ கேட்டதால், சினேகிதன் ஒருவனிடம் கமராவை இரவல் வாங்கிக்கொண்டு அன்று முதல்தரம் போனான். வடிவான இடமாய்க் காட்ட வேண்டுமென்று நினைத்தானாம்.

மனைவிதான் அந்தக் கடிதத்தை ரீச்சரின் வீட்டுக்குக் கொண்டுபோனா. நான் பின்னால் போனேன். ரீச்சர் வாசலில் நின்றபடியே வாசித்தாள், கடைசிப் பந்தியை இரண்டு தரம். பிறகு அதை மடித்து, "இது என்னட்ட இருக்கட்டும் மாமி" என்றாள். மனைவி தலையாட்டினா. அவளுடைய பாஸின் தவணை அதற்கு முந்தின மாதமே முடிந்திருந்தது. அதை நீடிக்கச் சொல்லி அவள் என்னிடம் கேட்கவில்லை, நானும் விண்ணப்பத்தை எடுக்கவில்லை.