பத்து நிமிடத்துக்கு மேல் நிற்பவர்கள்

மும்பை தாராவியில் குடியிருந்த ரெபேக்காவுக்குச் செம்பூரில் வேலை. கண்காணிப்புக் கேமரா படங்களில், சாதாரணமாக இருப்பவரைச் சுற்றிப் பச்சைக் கட்டமும், சந்தேகப்படும்படி இருப்பவரைச் சுற்றிச் சிவப்புக் கட்டமும் போட வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு படம்.

"இப்படி லட்சக்கணக்குல காட்டினா மெஷின் தானே கத்துண்டுடும்," என்று முதல் நாளே சொன்னாள் மேலதிகாரி ஷ்ருதி, மாட்டுங்காவில் வளர்ந்தவள்.

"யாரை மேடம் சந்தேகப்படணும்?"

"காரணமில்லாம ஒரே இடத்துல பத்து நிமிஷத்துக்கு மேல நிக்கறவா எல்லாம் சிவப்பு."

படத்தின் மூலையில் நின்ற நேரம் இருந்தது, காரணம் தெரியவில்லை. ஆனாலும் ரெபேக்கா சிவப்புப் போட்டுக்கொண்டே போனாள்.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம், அவள் அப்பா தனசீலனை ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் பிடித்துவைத்திருப்பதாகப் போன் வந்தது. அங்கே குழாய் ரிப்பேர் செய்யப் போனவர் அவர். ஓடினாள். காவல் அறையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"முட்டு வலிச்சுது மக்கா, செவரப் புடிச்சு நின்னேன். திருடவா போனேன்?"

காவலாளி சாஹில் தன் போனை நீட்டினான். குனிந்து நிற்கும் அப்பா. சுற்றிலும் சிவப்புக் கட்டம். கட்டத்தின் கீழே அவள் வேலை செய்யும் கம்பெனியின் பெயர்.

"சிஸ்டம் சொல்லுது தீதி, நான் என்ன செய்ய?" என்றான் இந்தியில்.

மறுநாள் ஷ்ருதியிடம் போய் நின்றாள். "நான் போட்டதை அழிச்சிரலாமா மேடம்?"

"அழிச்சு என்ன பிரயோஜனம்? அது கத்துண்டாச்சு. எந்தப் படத்துலேர்ந்து எதைக் கத்துண்டதுன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது."

அன்றிலிருந்து நிற்பவர்கள் எல்லாருக்கும் ரெபேக்கா பச்சை போட்டாள். நான்காம் நாள் ஷ்ருதி கூப்பிட்டாள். அதே படங்களை வேறு இரண்டு பேருக்கும் கொடுத்திருந்தார்களாம். மற்றவர்களோடு ஒத்துப்போகாத கட்டங்களைக் கணினியே தள்ளிவிட்டிருந்தது. அவள் போட்ட பச்சையில் ஒன்றுகூடக் கற்கும் மெஷினிடம் போய்ச் சேரவில்லை. சாயங்காலத்துக்குள் அவள் நாற்காலியில் இசக்கிசெல்வி என்ற புதுப்பெண் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அப்பா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ரெபேக்கா கூடவே நடக்கிறாள்.

"கொஞ்சம் நில்லேன் மக்கா, முட்டு தாங்கல."

"நிக்காதீங்கப்பா. மெதுவா நடந்துக்கிட்டே இருங்க."

போன வாரம் அவர்கள் சந்து முனையிலும் ஒரு கம்பம் நட்டுக் கேமரா மாட்டினார்கள். தனசீலன் அண்ணாந்து பார்த்தார்.

"நம்ம வீட்டு வாசல்லயும் நிக்கக் கூடாதா?"

ரெபேக்கா அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.