மாமனார் தூங்கிய தூக்கம்

எங்கள் கல் குவாரியிலேயே நன்றாகத் தூங்குகிறவன் நான்தான். மூன்று வாரம், ஒரு நாள் விடாமல் எனக்குப் பச்சை.

பொய். தூங்கியது என் மாமனார்.

குவாரியில் எல்லோருக்கும் கையில் கட்ட ஒரு பட்டை கொடுத்தார்கள். ஊசி இல்லை, ஒயர் இல்லை. வாட்ச் மாதிரி கட்டிக்கொண்டு படுத்தால் போதும். காலையில் கேட்டில் சூப்பர்வைசர் அதைச் செல்போனில் பார்ப்பார். தூங்கியவனுக்குப் பச்சை. தூங்காதவனுக்குச் சிவப்பு; அன்று அவன் எந்திரத்தைத் தொடக்கூடாது, கல்சில்லு பொறுக்க வேண்டும். கிரேன் ஓட்டுகிறவன் சில்லு பொறுக்குவதா? எனக்கு முகம் சுமார்தான், மானம் ஜாஸ்தி.

ஆனால் நான் எங்கே தூங்க? எங்கள் கடலைக்காட்டில் பன்றி இறங்கிவிட்டது. விடிய விடியத் தகரம் தட்டிக் காவல். அதனால் பட்டையை மாமனார் கையில் கட்டிவிட்டுப் போவேன். விடிந்ததும் கழற்றி என் கையில் மாட்டிக்கொள்வேன். அவர் சாய்ந்தால் ஒண்ணுக்கு மட்டும்தான் எழுவார். ஐந்தாவது தாண்டாத நான் வாழ்க்கையில் பாஸானது அந்தப் பச்சையில்தான்.

ஒரு நாள் சூப்பர்வைசர், தூக்கம் நன்றாக இருக்கிறது, ஆனால் ராத்திரி மூன்று தடவை எழுகிறாயே, சுகர் பார்த்துக்கொள் என்றார். மாமனாரைக் கூட்டிப்போய்ப் பார்த்தேன். இருந்தது. என் திருட்டுத்தனத்தால் நடந்த ஒரே நல்லது அது.

இத்தனை பச்சை வாங்கியவன் என்று பெரிய கல் தூக்கும் கிரேனில் என்னைப் போட்டார்கள். கீழே சங்கிலி மாட்டுகிறவன் என் தங்கை புருஷன்.

அன்று மதியச் சோறு முடிந்து முதல் கல். அவன் சங்கிலியை மாட்டிவிட்டுக் கையைத் தூக்கினான். கல் ஓர் ஆள் உயரம் எழுந்தது. கண்ணைச் சிமிட்டினேன் என்றுதான் நினைத்தேன். திறந்தபோது கல் அவனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் பாறை. லீவரை இழுத்தேன். கல் நின்றது, ஆடியது, மறுபடி அவன் பக்கம் போனது. அவன் பாறையோடு பாறையாக ஒட்டி நின்றான். லீவரிலிருந்து கையை எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். கல் அவன் நெஞ்சுக்கு ஒரு முழம் தள்ளி ஆடி ஆடி அடங்கியது.

இறக்கியதும் மேலே ஏறி வந்தான். திட்டுவான் என்று பார்த்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துப் பட்டையைப் பார்த்தான்.

"மச்சான், காத்தால பச்சைதான வந்துச்சு?"

"வந்துச்சு."

"அத நம்பித்தான் நான் கீழ நிக்கறேன்."

உண்மையைச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் கிரேன் சாவியைக் கழற்றி என் கையில் வைத்து, ஆபீஸ் பக்கம் தலையை ஆட்டினான்.

போனேன். சாவியையும் பட்டையையும் மேசைமேல் வைத்தேன்.

"சார், இது எங்க மாமனார் தூக்கமுங்க."

சூப்பர்வைசர் பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து அவர் கேட்ட முதல் கேள்வி...

அதை எழுதுவதற்குள் வாசலில் தங்கை புருஷன் கூப்பிடுகிறான். கையில் என் தகரம்.

"மச்சான், எழுதுனது போதும். வூட்டுக்குள்ள போய்ப் படுங்க. காட்டுக்கு இன்னிக்கு நான் போறேன். நாளைக்கு எனக்கு லீவு, உங்களுக்குக் கிரேன்."