விழித்தும் விரையாத கணினி

அண்ணனின் குரல்வளையை மருத்துவர்கள் அறுத்தெடுத்த பிறகு தொலைபேசி எங்களுக்குப் பயனற்றதாயிற்று. மந்தின் ஊருக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அவர் மகளுடன் வாழ்ந்தார். நான் ராசா என்னும் ஊரில், இடுப்பெலும்பு முறிந்து, வீட்டுக்குள் அடைபட்டிருந்தேன். விடியற்காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் ஒலிபெருக்கியின்றியே அத்தனை ஆட்களையும் பெயர்சொல்லி அழைத்து வேலைக்கு அனுப்பிய மண்டோர் அவர். எழுதிக் காட்டவும் கை நடுங்கியது. எஞ்சியவை உதடுகள் மட்டுமே. அவற்றைப் படிக்க மகளுக்கு வரவில்லை, எனக்கு வந்தது. பிள்ளைப் பருவத்தில் தந்தையின் முதுகுக்குப் பின்னால் ஓசையின்றிப் பேசிப் பழகியவர்கள் நாங்கள்.

ஆகவே நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு என் மடிக்கணினியில் காணொலி அழைப்பு. கைப்பேசியின் சிறுதிரையில் உதடு படிக்கப் புரைவிழுந்த என் கண்கள் உதவவில்லை.

அக்கணினிக்கு ஒரு நோய் இருந்தது. கணினியின் மூளையான செயலி எப்போதும் ஒரே வேகத்தில் இயங்குவதன்று. பணி மிகுந்தால் விரையும், குறைந்தால் தணியும். மூடியைச் சாத்தி உறங்கவைத்தால் அடிமட்டத்துக்கு இறங்கும். திறந்ததும் மீண்டும் ஏறவேண்டும். என்னுடையது விழிக்கும், ஏறாது. தட்டச்சிடும்போது அக்குறை புலப்படுவதில்லை. அசையும் படத்தைக் காட்டும்போதுதான் திணறும். பழுதுபார்ப்பவர் வீட்டுக்கே வந்து, விழிக்குந்தோறும் செயலியை உச்ச வேகத்தில் நிறுத்தும் சிறு நிரலொன்றை எழுதிவைத்தார்.

"இனிமே மூடுனாலும் ஓகே லா சார். ஃபேன் மட்டும் கொஞ்சம் கத்தும்."

கத்தியது. மெய்ப்புத் திருத்தும் வேளையில் அவ்விரைச்சலை என்னால் பொறுக்க இயலவில்லை. ஒரு வாரத்தில் அந்நிரலை நானே நீக்கினேன். நான்கு மணிக்குச் சற்று முன்னர் கணினியை அணைத்து மறுபடி இயக்கினால் வேகம் சீராகிவிடும். அதற்கு ஐந்து நிமிடம் போதும் என்று எண்ணினேன். மூடியைச் சாத்தாமலே விட்டிருக்கலாம். ஆளில்லா அறையில் எதுவும் எரியக்கூடாது என்பது தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் என்னுள் ஊறிய பழக்கம்.

ஒருநாள் முற்பகலிலேயே அண்ணன் மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"சித்தப்பா, கம்ப்யூட்டர தொறங்க! அப்பாவுக்கு மூச்சு இழுக்குது, ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டு இருக்கு. உங்ககிட்ட என்னமோ சொல்லணும்னு கையக் காட்டிக்கிட்டே இருக்காரு."

திறந்தேன். அண்ணனின் முகம் தோன்றி உறைந்தது. பிறகு அதே முகம், வாய் திறந்தபடி, பிறகு மூடியபடி. இரண்டுக்கும் இடையில் அவர் சொன்னது என்னை வந்தடையவில்லை. அணைத்து இயக்க ஐந்து நிமிடம் வேண்டும். அவரிடம் ஐந்து நிமிடம் இருந்ததா என்பதை நான் அறியேன். அணைக்கும் பொத்தானின்மேல் விரலை வைத்தேன், எடுத்தேன், மீண்டும் வைத்தேன்.

"தெரியுதா சித்தப்பா? மறுபடியும் சொல்றாரு, பாருங்க."

மூன்று முறை சொன்னார். எனக்கு வாய்த்தவை தொடர்பற்ற நிழற்படங்கள். மூன்றாம் முறை அவர் கண்களில் கெஞ்சலைக் கண்டேன். அதனைத் தாங்கமாட்டாமல், புரிந்ததென்று தலையசைத்தேன். அடுத்து வந்த படத்தில் அவர் வாய் மூடியிருந்தது; முகம் தணிந்திருந்தது.

மருத்துவமனை வாயிலை அவர் உயிரோடு எட்டவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு என்னைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். எல்லாம் முடிந்தபின் அண்ணன் மகள் அருகில் வந்து அமர்ந்தாள்.

"அன்னிக்கு அப்பா என்ன சித்தப்பா சொன்னாரு?"

உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்றொரு பொய் நாவில் ஆயத்தமாக இருந்தது. அதனைச் சொல்லவில்லை. படம் உறைந்ததையும், விழித்தபின் ஏறாத செயலியையும், நான் நீக்கிய நிரலையும் சொன்னேன்.

"ஃபேன் சத்தத்துக்காகவா எடுத்தீங்க?"

ஆம் என்றேன்.

"ஆனா நீங்க தலையாட்டுனீங்களே சித்தப்பா. நான் பாத்தேன். நீங்க ஆட்டுனதுக்கு அப்புறந்தான் அவரு சொல்றத நிறுத்துனாரு."