அருளண்ணையும் எல்லையில் நின்ற லொறிகளும்

அருளண்ணை போய்விட்டார் என்று வட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது சிட்னியின் ஹோம்புஷில் ஒரு கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நம்பவில்லை. இன்னும் இருவரை அழைத்துக் கேட்ட பிறகுதான் கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன். ஒருவர் மட்டும் சொன்னதைச் செய்தி என்று எடுக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம்.

எங்கள் சமூக வானொலியைக் கேட்டவர்களுக்கு அவர் குரல் மறந்திருக்காது. சனிக்கிழமை காலைகளில் அவரும் நானும் ஐரோப்பிய அரசியல் பேசுவோம். மன்னாரில் பிறந்து, ஜெர்மனியில் அகதியாகி, அங்கிருந்து போலந்துக்கு லொறி ஓட்டி, பிறகு சிட்னிக்கு வந்தவர். ஜெர்மனி, போலந்து இரண்டின் உறவு அவருக்குச் சொந்தக்காரர் வீட்டுச் சண்டை மாதிரி. போர்க்கால இழப்பீடு, எல்லைச் சோதனை, ஏற்றுமதி எல்லாம் விரல் நுனியில் இருக்கும்.

கூட்டறிக்கைகளை அவர் நம்பியதே இல்லை. "மனந்திறந்து கதைச்சவை எண்டு போட்டிருந்தால், நல்லாச் சண்டை பிடிச்சிருக்கினம் தங்கச்சி" என்பார். வெள்ளிக்கிழமைகளில், அந்த எல்லையில் இன்னும் லொறி ஓட்டும் பழைய கூட்டாளியைத் தொலைபேசியில் பிடிப்பார். "அமைச்சர்மார் கை குடுக்கிறதை விடு. லொறி எவ்வளவு நேரம் நிக்குது, அதைச் சொல்லு." வரிசை நீண்டால் உறவு கசக்கிறது என்று மறுநாள் அறிவிப்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அந்தச் சந்தேகப் புத்தி எனக்கும் தொற்றியது. ஒரு சனிக்கிழமை அவர் ஜெர்மனியைப் புகழ்ந்தார். போலந்தோடு இப்போது ஒழுங்காக நடந்துகொள்கிறார்கள் என்றார். அத்தனை வருடத்தில் அவர் வாயில் வராத பேச்சு. அதற்கு முதல் வாரம்தான் அவர் வீட்டு மேசையில் ஜெர்மன் தூதரக விருந்துக்கான அழைப்பிதழைக் கண்டிருந்தேன். இரண்டையும் முடிச்சுப் போட்டேன். "அருளண்ணையை அவங்கள் வளைச்சுப் போட்டாங்கள் போல" என்று நிர்வாகக் குழுவில் ஒருவரிடம் சொன்னேன். அருளண்ணையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கதை குழு முழுக்கப் பரவியது. அவரை நிகழ்ச்சியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "பரஸ்பர இணக்கத்துடன் விடைபெறுகிறார்" என்று ஓர் அறிவித்தல் எழுதித் தந்தார்கள். இப்படியொரு வசனத்தை அவர் எப்படிக் கிழித்திருப்பார் என்று தெரிந்தும், நானே அதை வாசித்தேன்.

போன வாரம் குவேக்கர்ஸ் ஹில்லில் அவர் வீட்டில் செத்தவீடு. குசினியில் அடுப்பருகே அவருடைய மனைவி மேரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த விருந்துக்கு அவர் போகவே இல்லை. நிகழ்ச்சிக்கு முதல் நாள் கூட்டாளி, லொறியள் நிக்காமல் போகுது எண்டு சொன்னவன். அதைத்தானே ரேடியோவில சொன்னவர்? ஆரோ கதை கட்டிப்போட்டினம்."

"ஆரெண்டு அவருக்குத் தெரியுமோ அக்கா?"

"கடைசி வரைக்கும் அதையேதான் யோசிச்சவர். எல்லாரிலயும் சந்தேகம். ஆனால் உங்களைப் பற்றி மட்டும், தங்கச்சி அப்பிடிச் செய்யமாட்டா எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவர்."

தேத்தண்ணீரைக் குடிக்காமலே வெளியேறினேன். வெட்கத்தில் கார்ச் சாவியைக்கூடத் தேடத் தெரியவில்லை.

உலகத்தில் எவரையும் நம்பாத மனிதர் என்மேல் வைத்திருந்த அந்த நம்பிக்கை மட்டும்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. களவாக அதை வைத்திருக்க எனக்கு மனமில்லை. அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் இந்த அஞ்சலியை வாசிப்பீர்கள்.

மேரி அக்கா, அந்தக் கதையைக் கட்டியது நான்.