சோப்பக்கா குழி

சோப்பக்காவுக்கு உட்காரத் தெரியாது. நாற்பத்து மூன்று வயதாகிறது. ஒரு வேளைச் சோற்றையாவது ஆற அமர உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று அவளுடைய மாமியாரால் இன்றுவரை சாட்சி சொல்ல முடியாது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடப்பாள். "உன் கால்ல யாருடி சக்கரம் கட்டிவிட்டது?" என்று கிழவி கேட்டால், "சக்கரமா? எந்தச் சக்கரம்?" என்று தொழில் ஞாபகத்தில் திரும்பிப் பார்ப்பாள். அப்படி ஒரு பிறவி.

பெற்றவர்கள் வைத்த பெயர் இப்போது வங்கிப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி பட்டறையில் எல்லாருக்கும் அவள் சோப்பக்கா. கையில் எந்நேரமும் சோப்புத் தண்ணீர் பாட்டில். காற்றுக் குழாய் எங்கெல்லாம் இணைகிறதோ அங்கெல்லாம் பீச்சிப் பார்ப்பாள். குமிழி கிளம்பினால் கசிவு. கிளம்பாவிட்டாலும் அம்மணிக்கு மனசு ஆறாது, இன்னொரு தடவை பீச்சுவாள். எதையும் இரண்டு தடவை பார்த்தால்தான் அவளுக்கு ஒரு தடவை பார்த்த மாதிரி.

பதினெட்டு வயதில் பஸ் கம்பெனியில் கதவு வேலைக்குச் சேர்ந்தவள் அவள். பஸ் கதவு திறக்கும்போது உஸ்ஸென்று ஒரு சத்தம் வருமே, அதில் நல்ல உஸ் எது, கெட்ட உஸ் எது என்று காதாலேயே பிரிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். கம்பெனியை இழுத்து மூடியபோது அண்ணன் கூப்பிட்டுக்கொண்டார். அவருக்கு மலை ஜீப்புகளைப் பழுதுபார்க்கும் பட்டறை. இரும்பெல்லாம் அண்ணன், காற்றெல்லாம் தங்கச்சி என்று பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம். தும்முவதற்கே யோசித்துத்தான் தும்முவார்.

மலை ஜீப்பில் காற்றுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அது மட்டும் வெட்டியாகச் சுற்றும், அதன் ஜோடி அசையாமல் நிற்கும். இரண்டையும் பிணைத்துச் சேர்ந்து சுற்ற வைக்க அச்சுக்குள் ஒரு பூட்டு உண்டு. லாக்கர் என்பார்கள். டிரைவர் பொத்தானை அமுக்கினால், சின்னக் கம்ப்ரசரிலிருந்து காற்று ஒரு மெல்லிய குழாய் வழியே ஓடிப்போய் அந்தப் பூட்டைத் தள்ளி மாட்டும். காற்று போகாவிட்டால் பூட்டு விழாது. செங்குத்தான சேற்று ஏற்றத்தில் பூட்டு விழாவிட்டால் வண்டி பின்பக்கமாகச் சறுக்கும், பின்பக்கத்தில் பள்ளத்தாக்கு இருந்தால் அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

அவளுடைய கணவர் ஓட்டுவது அப்படிப்பட்ட ஏற்றத்தில்தான். மலை உச்சியில் இருக்கும் ரேடியோ கோபுரத்துக்கு ஆளும் டீசலும் ஏற்றிக்கொண்டு போகும் ஜீப். பதினோரு வருஷமாக ஒரே வண்டி, ஒரே பாதை. பதினோரு வருஷமாகக் காலையில் அவர் கிளம்பும்போது அவளுக்கும் ஒரே பாட்டு. "ஏத்தத்துக்கு அடியில நிறுத்துங்க. பின்சக்கரம் ஒண்ண பள்ளத்துல இறக்கி, லாக் விழுதான்னு பாத்துட்டு அப்புறம் ஏறுங்க."

"சரிங்க மேடம். உத்தரவு மேடம்" என்று சல்யூட் அடிப்பார். டீக்கடையில் மற்ற டிரைவர்கள் முன்னால் அவளைப் போலவே இடுப்பில் கைவைத்து அதைச் சொல்லிக் காட்டுவார். கடையே சிரிக்கும். அந்தச் சிரிப்பு சோப்பக்காவின் காதுக்கும் வந்துதான் இருக்கிறது. வலிக்காமல் இருக்குமா? வலித்தது. இருந்தாலும் மறுநாள் காலையிலும் சொன்னாள்.

அன்றைக்குப் பத்து மணிக்கு ஜீப் பட்டறைக்குள் வந்தது. கம்ப்ரசர் நின்று நின்று மறுபடி ஓடுகிறது என்றார் கணவர். படுத்துப் பார்த்தாள்; புகைக்குழாயில் உரசி உரசிக் காற்றுக் குழாய் தேய்ந்திருந்தது. புதுசு மாற்றவேண்டும். மாற்றுவதற்கு அவள் வைத்த சட்டம் ஒன்று உண்டு: வண்டியைத் தூக்கி, சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டு, அந்த நிலையில்தான் குழாயை அளந்து கட்டவேண்டும். ஆனால் பட்டறையில் லிப்ட் ஒன்றே ஒன்று, அதன்மேல் கியர்பாக்ஸ் கழற்றிய இன்னொரு வண்டி உட்கார்ந்திருந்தது. ஜாக்கியாவது வைக்கலாம் என்று அவள் எழுந்தபோது அவர் மணியைப் பார்த்தார்.

"டிப்போவுல நாலு பேர் காத்துக்கிட்டு நிக்கிறாங்க. மழை வேற வரப்போகுது. சீக்கிரம் கட்டிவிடு."

தரையில் நின்ற வண்டிக்கு அடியிலேயே படுத்து மாற்றினாள். பீச்சினாள், குமிழி இல்லை. இரண்டாவது தடவை பீச்சக் கையை நீட்டியபோது அவர் வெடித்துவிட்டார்.

"உன் கையையே நீ நம்பமாட்டியா? இந்தச் சந்தேகத்தோட எப்படித்தான் இத்தன வருஷம் குடும்பம் நடத்துறேனோ!"

அண்ணன் முன்னால் சொல்லிவிட்டார். முகம் சிவந்து, கைத்துணியைச் சுருட்டித் தரையில் எறிந்தாள். "போங்க. நல்லபடியா போங்க. இனிமே நான் ஒண்ணும் சொல்லல."

சொல்லவும் இல்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பாட்டைப் பாடாமல் வண்டியை அனுப்பினாள்.

மதியம் பன்னிரண்டரைக்கு வீட்டில் தட்டும் கையுமாக நடந்துகொண்டிருந்தபோது பின்கட்டில் தடதடவென்று சத்தம். ஓடிப்போனாள். சலவை இயந்திரத்துக்குப் பின்னால் விழுந்த மூக்குக்கண்ணாடியை எடுக்க, மாமியார் இயந்திரத்தையே முன்னுக்கு இழுத்திருந்தாள். குழாய் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் பீறிட்டது. கிழவி தலையோடு கால் நனைந்து நின்றாள்.

"ஐயையோ அத்தே, என்ன பண்ணீங்க? காலையிலகூட நல்லாத்தானே இருந்துச்சு!"

"இருந்த இடத்துல இருந்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். நகத்தினா எட்டணுமா வேண்டாமா? இப்படியா இழுத்துக் கட்டுவாங்க?"

சோப்பக்கா தண்ணீர்க் குழாயை மூடப் போன கையோடு அப்படியே நின்றாள். காலையில் அவள் இழுத்துக் கட்டியதும் இப்படித்தான். சமதரையில் நின்ற வண்டியில் எத்தனை தடவை பீச்சினாலும் குமிழி வராது. மலைப்பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அச்சு கீழே தொங்கும், அவள் கட்டிய குழாய் எட்டாது, பிடுங்கிக்கொள்ளும். அது நடுஏற்றத்தில் நடந்தால்?

போன் அடித்தாள். தொடர்பு எல்லைக்கு அப்பால். மறுபடி அடித்தாள். அதே குரல், அதே பதில். டிப்போவுக்கு அடித்தால், சரக்கு ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பி அரைமணி ஆகிறது என்றார்கள். தட்டு எங்கே போனதென்று அவளுக்கே தெரியாது. ஸ்கூட்டரைப் பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, "அண்ணே, ஏறு!" என்று ஒரே கத்தல்.

கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் பின்னால் உட்கார்ந்தார். பாதையெல்லாம் ஈர மண். ஸ்கூட்டர் ஒவ்வொரு வளைவிலும் இடுப்பை ஆட்டியது.

"மெதுவா போ பாப்பா. என்னைக் கொன்னுட்டு அவரக் காப்பாத்தி என்ன பிரயோஜனம்?"

"ஒரு வார்த்த சொல்லலண்ணே. தினம் சொல்றத இன்னிக்கின்னு பாத்து சொல்லல. கோவத்துல வாய மூடிக்கிட்டேன். எனக்கு என்ன கேடு வந்துச்சு?"

"லிப்ட்ல என் வண்டி கிடந்துச்சு. தப்புல பாதி என்னோடது" என்றார் அண்ணன். அது அவளுக்குக் காதில் விழவில்லை. நாலு பேர், ஆறு கேன் டீசல், அவர். இதையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு ஓட்டினாள்.

எதிரே இறங்கி வந்த லாரிக்காரன் வேகத்தைக் குறைத்து, "மேல போகாதீங்க! ஒரு ஜீப்பு ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கு, ஆளுங்கல்லாம் வெளிய நிக்கிறாங்க!" என்று கத்திவிட்டுப் போயே போய்விட்டான். சாய்ந்து கிடப்பது எங்கே, ஏற்றத்திலா, அடியிலா, எத்தனை ஆள் வெளியே நின்றார்கள், ஒன்றும் சொல்லவில்லை படுபாவி. அண்ணனும் அதற்குப் பிறகு மெதுவாகப் போகச் சொல்லவில்லை.

கடைசி வளைவில் கண்ணுக்கு முன் காதுக்குத்தான் கிடைத்தது. கம்ப்ரசர் விடாமல் ஓடும் சத்தம். கூடவே கெட்ட உஸ். ஜீப் ஏற்றத்தின் அடியில், சமதரையில் நின்றது. பின்சக்கரம் ஒன்று பாதையோரக் குழிக்குள் இறங்கியிருந்தது. டீசல் கேன்கள் கட்டு அவிழாமல் இருந்தன. நாலு பேரும் தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவளுடைய கணவர் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது. "இங்க என்ன பண்றீங்க?" என்று கத்தினாள். வேறு என்ன கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"லாக் விழுதான்னு பாத்தேன். குழாய் பிடுங்கிக்கிச்சு. இன்னிக்குச் சோப்பே வேண்டாம், செவிடனுக்கும் கேக்கும்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

தார்ப்பாய்க்கு அடியிலிருந்து கோபுரத்துக் காவலாளி தலையை நீட்டினார். "என்னக்கா புதுசா கேக்குறீங்க? தினம் இங்கதான நிறுத்துவாரு. மழையோ வெயிலோ, இந்தக் குழியில இறக்கி லாக் பாக்காம ஒருநாளும் ஏறினதில்ல. சோப்பக்கா குழின்னுதான் நாங்க சொல்லுவோம். மேல போனதும் ஏன் லேட்டுன்னு கேட்டாக்கூட, சோப்பக்கா குழிகிட்ட நின்னுட்டு வந்தோம்னுதான் சொல்லுவாரு."

சோப்பக்கா குழியைப் பார்த்தாள். ஒரே இடத்தில் தினமும் சக்கரம் இறங்கி இறங்கி, ஓரமெல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தது. பதினோரு வருஷத் தேய்மானம்.

"ஏங்க, ஒருநாள்கூட சொல்லலியே?"

"சொன்னா நீ இன்னும் பத்து சொல்லுவ."

"இன்னிக்கு நான்தான் ஒண்ணும் சொல்லி அனுப்பலியே?"

"நீ சொல்லாட்டி எனக்குத் தெரியாதா?" என்று உரித்த ஆரஞ்சை அப்படியே அவள் கையில் வைத்தார். அவள் அழுதாள். நாலு பேர் பார்க்கிறார்களே என்றெல்லாம் பார்க்கவில்லை. அழுதுகொண்டே ஆரஞ்சை அண்ணனிடம் கொடுத்துவிட்டுச் சேற்றில் படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தாள்.

சக்கரம் குழியில் தொங்கிக்கொண்டிருந்தது, லிப்டே தேவைப்படவில்லை. பழைய கட்டுகளை வெட்டினாள். சுருளிலிருந்து புதுக்குழாய் எடுத்து, தொங்கும் அச்சுவரைக்கும் அளந்து, அதற்குமேல் ஒரு சாண் தாராளமாக விட்டுக் கட்டினாள். பீச்சினாள். மறுபடியும் பீச்சினாள். இரண்டு தடவையும் குமிழி இல்லை.

அவர் ஏறிப் பொத்தானை அமுக்கினார். கம்ப்ரசர் கொஞ்சம் ஓடிவிட்டு அடங்கியது. உள்ளே டக்கென்று பூட்டு விழுந்தது. இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்ற, ஜீப் குழியிலிருந்து ஏறி வெளியே வந்தது. நாலு பேரும் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு ஏறப்போனார்கள்.

"கொஞ்சம் இருங்கப்பா" என்றார் அவர்.

கண்ணாடி வழியாக மனைவியின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் லாக்கை எடுத்துவிட்டு, வண்டியைப் பின்னால் நகர்த்தி, அதே குழியில் இரண்டாவது தடவையாக இறக்கினார்.