நாலாயிரம் ஜாதகமும் ஷாரோனும்

திருப்புட்குழியிலிருந்து பஸ் பிடித்து, தினமும் ஒன்பதரை மணிக்குச் சின்னக் காஞ்சிபுரத்தில் தேசிகன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் ஷாரோனுக்குச் சொந்தமாக ஒரு ஜாதகம் கிடையாது. சர்ச்சில் ஞானஸ்நானப் பதிவு இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் எந்த நட்சத்திரம் எதோடு சேரும், எந்த மாப்பிள்ளை மூன்று வருஷமாக முப்பத்தொரு வயசிலேயே நிற்கிறான் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். தேசிகன் நடத்தும் வரன் தகவல் நிலையத்தின் கம்ப்யூட்டரில் ஒன்பது வருஷமாக நாலாயிரத்துச் சொச்சம் ஜாதகங்களை ஏற்றியவள் அவள்தான்.

தேசிகன் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பால் பாக்கெட்டையே கையில் தூக்கிப் பார்த்து எடையைச் சந்தேகப்படுகிற மனிதர். ஏப்ரலில் இரண்டு தெரு தள்ளி இன்னொரு வரன் நிலையம் முளைத்ததும் அந்தச் சந்தேகத்துக்கு முழு நேர வேலை கிடைத்துவிட்டது. வாராவாரம் ஷாரோன் எடுத்து வைக்கும் பேக்கப்பை நிறுத்தினார். பென் டிரைவ் வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். கடைசியாக எடுத்த ஏப்ரல் காப்பி பீரோவுக்குள் போனது. சாவி பூணூலில் ஏறியது.

விஜயதசமிக்கு மறுநாள் ஷாரோன் லீவு முடிந்து வந்தபோது கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. போட்டுப் பார்த்தாள். ஜாதகப் பட்டியல் திறக்கவில்லை, டேபிள் பழுது என்றது. சாஃப்ட்வேரோடு வந்த ரிப்பேர் டூலை இரண்டு முறை ஓட்டினாள். இரண்டு முறையும் அது பாதியில் கையை விரித்துவிட்டது.

"நாலு நாள் லீவு கேட்டப்பவே நெனைச்சேன்" என்றார் தேசிகன். "போறச்சே என்ன பண்ணிட்டுப் போனே?"

"எல்லாப் பையனுக்கும் எல்லாப் பொண்ணுக்கும் பொருத்தம் பாத்து எழுதி வெக்கச் சொல்லி ஓட விட்டுட்டுப் போனேன் சார். நாலு நாள் ஓடும், நிறுத்தாதீங்கன்னு உங்க கிட்ட சொல்லிட்டுதான போனேன். யாராச்சும் தொட்டீங்களா?"

"அது கிட்டகூட யாரும் போகலை. சாயங்காலத்துக்குள்ள எல்லாம் திரும்பி வரணும். இல்லேன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுவேன்."

அப்போது போன் அடித்தது. பெண்ணைப் பெற்றவர் யாரோ வரன் கேட்டார். தேசிகன் குரலைத் தாழ்த்தவே இல்லை. "எங்க கம்ப்யூட்டர் பொண்ணு எல்லாத்தையும் அழிச்சுட்டா சார். யார் கிட்ட கொண்டு போய்க் குடுத்தாளோ! உங்காத்துக்கு வேற எடத்துலேர்ந்து போன் வந்தா எனக்குச் சொல்லுங்கோ." மத்தியானத்துக்குள் இப்படி ஐந்து வீடுகளுக்குச் சேதி போய்விட்டது. ஷாரோன் காதில் எல்லாம் விழுந்தது. இந்த ஊரில் திருடி என்று ஒரு முறை பேர் வந்துவிட்டால் அப்புறம் எந்தக் கடையிலும் கீபோர்டைத் தொட விடமாட்டார்கள். அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பெரிகிறது.

"மொதல்ல இருக்கிறத அப்படியே ஒரு காப்பி எடுக்கணும் சார்."

"காப்பியா?" தேசிகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கே எடுத்துண்டு போகப்போறே?"

"எங்கயும் இல்ல. இதே பெட்டிக்குள்ளதான் வெப்பேன். காப்பி இல்லாம கை வெச்சு, இருக்கிறதும் போச்சுன்னா கடவுளே வந்தாலும் ஆவாது. பக்கத்துல உக்காந்துக்கினு பாருங்க."

அவர் அப்படியே உட்கார்ந்துகொண்டார். ஷாரோன் பொறுமையாகப் பார்த்தாள். ஜாதகங்கள் ஒரு ஃபைலில் இருந்தன. எது எங்கே இருக்கிறது என்று காட்டும் இண்டெக்ஸ் இன்னொன்றில். பேர், வயசு, நட்சத்திரம் என்று எந்தக் கட்டத்துக்குப் பின் எந்தக் கட்டம் என்ற அமைப்பு மூன்றாவதில். அந்த மூன்றாவது வெறுமையாகக் கிடந்தது. அது இல்லாமல் ரிப்பேர் டூலுக்குத் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. ஜாதகங்கள் என்னவோ பெரும்பாலும் பத்திரமாகவே இருந்தன.

"பீரோவ தொறங்க சார். ஏப்ரல் காப்பி வேணும்."

பூணூலிலிருந்து சாவியை அவிழ்க்க அவருக்குப் பத்து நிமிஷம் ஆனது. அந்தக் காப்பியிலிருந்த அமைப்பை மட்டும் எடுத்து, அதே கட்டங்களோடு ஒரு காலி டேபிளை உண்டாக்கினாள். அதற்குள் பழைய ஜாதக ஃபைலை வைத்தாள். இண்டெக்ஸைப் புதிதாக எழுதும்படி கட்டளை கொடுத்துவிட்டு, மனதுக்குள் ஜெபம் பண்ணினாள். தேசிகன் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று ஜாதகங்கள் வந்தன. கடைசியில் இரண்டு மட்டும் சிதைந்திருந்தன. ஷாரோனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் எதிரில் அழ மனமில்லை. மெஷின் தானே எழுதி வைக்கும் குறிப்பைத் திறந்தாள்.

"சரஸ்வதி பூஜை அன்னிக்குக் காலைல பத்து அம்பத்திரண்டுக்குத் திடீர்னு கரண்டு போயிருக்குது சார். எழுதிக்கினு இருக்கும்போதே போனதாலதான் கெட்டுப்போச்சு. அன்னிக்கு நான் ஊர்லயே இல்ல."

மோர் கொண்டு வந்த ஹேமாம்புஜம் மாமி கணவரைப் பார்த்தாள். "அப்பதானே நீங்க கம்ப்யூட்டர் பெட்டியைப் பிடுங்கிண்டு வந்து பூஜையில வெச்சேள்? ஜாதகம் இருக்கிறதால இதுவும் புஸ்தகம்தான், இன்னிக்கு இதைப் படிக்கப்படாதுன்னு சொன்னேளே."

பஞ்சாங்கம், ஜாதக நோட்டுகளோடு அந்தப் பெட்டியும் பூஜை அடுக்கில் ஏறியிருந்தது. மறுநாள் எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார்கள். திரை முன்பே இருட்டாக இருந்ததால், உள்ளே அது எழுதிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. பூஜையில் வைப்பது தேசிகன் கணக்கில் தொடுவது ஆகாது.

"சரி, வந்துடுத்தோல்லியோ. பெருமாள் காப்பாத்தினார்" என்று அவர் எழுந்தார். "ஆகவேண்டியதைப் பாரு."

"காப்பாத்தினது நான் சார்" என்றாள் ஷாரோன். ஒன்பது வருஷத்தில் அவள் குரல் அந்த வீட்டில் அவ்வளவு உயர்ந்ததில்லை. "காலைல நீங்க பேசின அஞ்சு வீட்டு நம்பரும் இப்ப ஸ்கிரீன்ல இருக்குது. எல்லாருக்கும் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் ஒரு ஜாதகத்தையும் தொறக்க மாட்டேன்."

தேசிகன் மாமியைப் பார்த்தார். மாமி மோர் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். ஷாரோன் முதல் நம்பரைப் போட்டு ரிசீவரை அவர் கையில் கொடுத்தாள்.

"ஹலோ... தேசிகன் பேசறேன்... காலம்பற சொன்னேனே, அந்தப் பொண்ணு மேல தப்பில்லை... நான்தான் பிளக்கை..." அவர் குரல் தொண்டைக்குள்ளேயே போய்விட்டது.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார்" என்றாள் ஷாரோன். "அவங்களுக்குக் கேக்கல."